லயத்திலிருந்து சத்திரசிகிச்சைக்கூடம் வரை: எழுதப்படாத ஒரு மலையக வரலாறு

மலையகத்தின் வரலாறு இதுவரை பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவும் ஒப்பந்தங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தம், 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டமை என்பனவே அதன் மைல்கற்களாகக் கொள்ளப்படுகின்றன. மலையக மக்களின் இருநூறு ஆண்டுகள் 2023 இல் நினைவுகூரப்பட்டபோதும் நாம் அதிகம் பேசியது இவற்றைப் பற்றித்தான். பேசவேண்டியவையே, அதில் ஐயமில்லை.

ஆனால் ஆவணங்களில் இடம்பெறாத இன்னொரு வரலாறும் உண்டு. மூன்று அல்லது நான்கு மாதம் முழுகாமல் இருக்கும் ஒரு பெண், கொழுந்துக் கூடையுடன் மலையில் நிற்கும்போது அடிவயிற்றில் வலி கண்டு இரத்தம் போகத் தொடங்கினால் அவளுக்கு என்ன நேர்ந்தது? அவள் உயிர் பிழைத்தாளா? உயிர் பிழைத்தவள் மீண்டும் ஒரு பிள்ளையைப் பெறக்கூடிய உடல்நிலையில் இருந்தாளா? பிள்ளையில்லாதவளை இழிசொல்லால் அழைக்கத் தயங்காத ஒரு சமூகத்தில், மறுமணம் என்ற பேச்சு கணவன் வீட்டில் எளிதாக எழக்கூடிய ஒரு சூழலில், இந்த இரண்டாவது கேள்வி முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

கருச்சிதைவுக்குப் பின்னர் ஏற்படும் சிக்கல்களிலிருந்து கருப்பையைக் காப்பாற்றும் சிகிச்சை மருத்துவ நூல்களில் வைத்தியரின் திறமை சார்ந்த விடயமாகவே விளக்கப்படுகிறது. நுவரெலியா, அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களின் கடந்த காலத்தைப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. அங்கு ஒரு பெண்ணின் கருப்பை காக்கப்படுமா என்பதைத் தீர்மானித்தவை லயத்துக்கும் சத்திரசிகிச்சைக்கூடத்துக்கும் இடையிலான தூரமும், அந்தத் தூரத்தைக் கடக்க வாகனம் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுமே. இக்கட்டுரை அந்தத் தூரத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முற்படுகிறது.

மருத்துவம் அறிந்தது என்ன?

முதலில் நோயின் தன்மையைப் புரிந்துகொள்வது அவசியம். கருச்சிதைவு என்பது அரிதான ஒன்றன்று. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை தானாகவே கலைந்துவிடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்கின்றன. கருவில் இயல்பாக ஏற்படும் மரபணுக் கோளாறுகளே பெரும்பாலும் அதற்குக் காரணம். பெண் செய்த குற்றமென்று அதில் எதுவுமில்லை.

கரு முழுமையாக வெளியேறிவிட்டால் உடல் பெரும்பாலும் தானே தேறிவிடும். ஒரு பகுதி கருப்பைக்குள் தங்கிவிடும்போதுதான் ஆபத்து ஆரம்பமாகிறது. தங்கிய திசு கருப்பையைச் சுருங்கவிடாது, இரத்தப்போக்கு நிற்காது. நாட்கள் கடந்தால் அதில் கிருமி தொற்றும். தொற்று கருப்பையிலிருந்து சினைக்குழாய்களுக்குப் பரவினால் அவை அடைபட்டுப்போகக்கூடும். பின்னர் காய்ச்சல் தணிந்து அவள் எழுந்து நடமாடினாலும் மீண்டும் கருத்தரிப்பது கடினமாகிவிடும். தொற்று இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே தங்கியதை உரிய நேரத்தில் வெளியேற்றுவதே சிகிச்சையின் அடிப்படை. இதற்கான கரண்டி போன்ற கருவியைப் பாரிஸ் நகரைச் சேர்ந்த ரெக்காமியே என்ற வைத்தியர் 1843 இல் உருவாக்கினார். அதன் வழிவந்ததே வைத்தியசாலைகளில் ‘டி அன்ட் சி’ என்று சொல்லப்படும் கருப்பைச் சுரண்டல். பல இலட்சம் பெண்களைக் காப்பாற்றிய அந்தக் கருவிக்கு மறுபக்கமும் உண்டு. ஆழமாகச் சுரண்டினால் கருப்பையின் உட்படலம் அழிந்து சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதவிலக்கு நின்றுபோகும், கரு தங்காது. இந்நிலையை 1948 இல் ஜோசப் ஆஷர்மன் விரிவாக விளக்கியதால் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பயிற்சியில்லாத கை கருப்பைச் சுவரைத் துளைத்துவிடுவதும் உண்டு.

எனவே இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ முன்னேற்றம் ஒரு வகையில் கத்தியின் வேகத்தைத் தணித்த முன்னேற்றமாகும். 1935 இல் கண்டறியப்பட்ட எர்கோமெட்ரின் கருப்பையைச் சுருங்கச் செய்து இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தியது. அடுத்த ஆண்டு இலண்டனில் லெனார்ட் கோல்புறூக் சல்ஃபா மருந்தால் பிரசவக் காய்ச்சலைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார். 1940களில் பெனிசிலின் வந்தது. 1955 இல் பம்பாயைச் சேர்ந்த வி. என். ஷிரோத்கர், கருப்பை வாய் பலவீனமாக இருப்பதால் நடுமாதங்களில் மீண்டும் மீண்டும் கருவை இழக்கும் பெண்களுக்கு, அந்த வாயைச் சுற்றித் தையல் இடும் முறையை வெளியிட்டார். உலகெங்கும் அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1956 இல் அமெரிக்காவில், முத்துக் கர்ப்பத்தைத் தொடர்ந்து வரக்கூடிய ஒருவகைப் புற்றுநோயை, கருப்பையை அகற்றாமல் மெதோட்ரெக்சேற் மருந்தால் குணப்படுத்த முடியும் என்பது நிரூபணமாயிற்று. 1958 இல் சீன வைத்தியர்கள் உறிஞ்சி எடுக்கும் முறையை அறிவித்தார்கள். கூரிய கரண்டியைவிட அது மென்மையானது. இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் அந்த முறையையும் மாத்திரைகளையுமே. ஒட்டிக்கொண்ட கருப்பைச் சுவர்களை உள்நோக்கிக் கருவியின் துணையுடன் பிரித்துவிடவும் இன்று முடிகிறது.

கருப்பையை முற்றாக அகற்றுவது கடைசி வழி. கிருமித்தொற்று கருப்பையை அழுகச் செய்துவிட்டபோதும், இரத்தப்போக்கு வேறெதற்கும் கட்டுப்படாதபோதும் உயிரைக் காக்க வைத்தியர் அதனைச் செய்வார். அந்தக் கடைசி வழிக்கு ஒரு பெண்ணைக் கொண்டு போய் விடுவது பல வேளைகளில் காலதாமதமே. சில மணித்தியாலங்களுக்கு முன்னர் ஒரு சிறிய சிகிச்சையில் முடிந்திருக்கக்கூடியது அடுத்த நாள் பெரிய சத்திரசிகிச்சையாகிறது. மலையகத்தின் கதை இந்தக் காலதாமதத்தின் கதைதான்.

சட்டம் வந்தது, வைத்தியர் வரவில்லை

கோப்பிக் காலத்தில் மலைநாட்டுக்கு வந்தவர்களில் ஆண்களே அதிகம். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர். 1869 இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதுமானதாக இருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் தேவைப்பட்டன. அதனால் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்க்கப்பட்டது. கொழுந்தெடுப்பது பெண்களின் வேலையாயிற்று. நிரந்தரமாகத் தங்கி, அடுத்த தலைமுறைத் தொழிலாளரையும் பெற்றுத்தரும் ஒருவராகப் பெண் தோட்டக் கணக்கில் இடம்பெற்றது அப்போதுதான்.

தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான கட்டளைச்சட்டம் முதன்முதலில் 1872 இல் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. பின்னர் 1912 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டத் துரைமாரின் கடமைகளைத் தெளிவாக வரையறுத்தது. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பது, நோயுற்றவர்களைக் கவனிப்பது ஆகியவற்றோடு, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கொடுப்பதும், வைத்திய அதிகாரி தகுதியெனச் சான்று தந்தாலன்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைக்காதிருப்பதும் அதில் அடங்கின.

அந்தக் காலத்துக்கு இது முற்போக்கான ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தவள் பிள்ளை பெற்ற பெண் மாத்திரமே. பிள்ளையை இழந்த பெண், அதிலும் மூன்றாம் மாதத்தில் இழந்தவள், சட்டத்திலும் இல்லை, தோட்டத்துப் பதிவேட்டிலும் இல்லை. பெரட்டுக்களத்தில் பெயர் விழாத நாள் சம்பளமில்லாத நாள். ஆகவே இரத்தப்போக்கு முழுமையாக நிற்பதற்கு முன்னரே அவள் மீண்டும் மலையேறினாள். 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச்சட்டமும் அதன் பெயர் குறிப்பதைப் போலப் பிரசவத்தையே மையமாகக் கொண்டிருந்தது.

கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879 இலேயே திறக்கப்பட்டுவிட்டது. 1885 இல் இருப்புப்பாதை அட்டனையும் தாண்டி நானுஓயாவரை வந்துவிட்டது. தேயிலைப் பெட்டிகள் ஒரு நாளுக்குள் துறைமுகத்தைச் சென்றடைய முடிந்தது. அந்தத் தேயிலையைப் பறித்த பெண்ணோ, லயக் காம்பிராவில் ஒரு சாக்கின் மேல் கிடத்தப்பட்டு, மருத்துவச்சிக் கிழவியின் கைவைத்தியத்தை நம்பியிருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த இடங்களிலும் இருந்தவர் பெரும்பாலும் டிஸ்பென்சர் ஐயாதான். அவரிடம் ஊசியும் மருந்துக் கலவையும் இருந்தன. சத்திரசிகிச்சை செய்யும் தகுதியோ அதற்கான கூடமோ மயக்க மருந்து கொடுப்பவரோ அங்கு இல்லை. மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமென்றால் வாகனத்துக்குத் துரையின் அனுமதி வேண்டும். அந்த வாகனமும் கொழுந்து ஏற்றும் லொறிதான்.

தோட்டத்து வாயிலில் நின்ற மருத்துவமாது

இலங்கை தனது தாய்சேய் நலச் சாதனை குறித்துப் பெருமைப்படுவது நியாயமானதே. 1930களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மரணமடைந்த நாடு இது. 2010களில் அந்த எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. இதற்கான அத்திவாரம் 1926 இல் களுத்துறையில் இடப்பட்டது. அங்கு தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவை முன்மாதிரியாகக் கொண்டே நாடு முழுவதும் பொதுச் சுகாதார மருத்துவமாதுக்கள் வீடு வீடாகச் செல்லும் முறை வளர்ந்தது. கர்ப்பிணியைப் பதிவு செய்வது, ஆபத்தின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுப்பது, உரிய நேரத்தில் வைத்தியசாலைக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் அந்த மருத்துவமாதின் கைகளில் இருந்தன.

ஆனால் அவள் பல தசாப்தங்களாகத் தோட்டத்து வாயிலிலேயே நின்றுவிட்டாள். தோட்ட மக்களின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று சட்டம் சொன்னதால், அரசின் பொதுச் சுகாதாரச் சேவை தோட்டங்களைத் தனது எல்லைக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. 1948 இல் பிரஜாவுரிமையும் அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிக்கப்பட்ட பின்னர் அதைக் கேட்பதற்கு அரசியல் பலமும் இல்லாது போயிற்று. ஒரே மலையின் அடிவாரத்துக் கிராமத்தில் இருந்த பெண்ணுக்கு இலவச சுகாதார சேவையின் கதவு திறந்திருந்தது. மேலே லயத்தில் இருந்தவளுக்கு டிஸ்பென்சரியின் கதவு மட்டுமே இருந்தது.

இதனுடன் இரத்தசோகையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கொக்கிப்புழு தோட்டங்களில் எவ்வளவு பரவியிருந்தது என்றால், ரொக்பெல்லர் நிறுவனம் 1916 இல் இலங்கையில் தனது ஒழிப்பு இயக்கத்தைத் தோட்டப் பகுதியிலிருந்தே ஆரம்பித்தது. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்பவர்களின் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. இதனுடன் அடுத்தடுத்த கர்ப்பங்களும், போதிய உணவின்மையும், வீட்டில் எல்லோரும் உண்ட பின்னர் எஞ்சியதை உண்ணும் வழக்கமும் சேர்ந்துகொண்டன. ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடல் இழப்பைத் தாங்காது. கொழும்பில் ஒரு பெண் ஆறு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் இரத்தப்போக்கு, தோட்டத்துப் பெண்ணை மூன்று மணித்தியாலத்தில் சாய்த்துவிடக்கூடும். மலையகத்தில் தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் அளந்தால் போதாது என்று சொல்வது இதனால்தான்.

பயம் என்னும் இன்னொரு தூரம்

பாதையும் வாகனமும் இருந்தாலும் ஒரு பெண்ணை வைத்தியசாலைக்குப் போகவிடாமல் தடுத்த இன்னொன்று சட்டம். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கம் தவிர்ந்த ஏனைய எல்லாக் கருக்கலைப்பையும் குற்றமாக்கியது. தனக்குத் தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே. மூன்று ஆண்டுகள் வரையும், கரு அசைவு உணரப்படும் கட்டத்தைத் தாண்டியிருந்தால் ஏழு ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். விக்டோரியா மகாராணி காலத்தின் இந்தச் சட்டம் இங்கிலாந்தில் 1967 இல் தளர்த்தப்பட்டது. இந்தியாவில் 1971 இல் தளர்த்தப்பட்டது. இலங்கையில் 1995 இல் திருத்த முயன்றபோது எதிர்ப்புக் காரணமாகக் கைவிடப்பட்டது. 2017 இல் மீண்டும் எழுந்த முயற்சியும் நிறைவேறவில்லை.

இச்சட்டம் சரியா தவறா என்ற விவாதத்தில் வாசகர்கள் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை ஏற்றுக்கொள்வார்கள் என நம்புகிறேன். இரத்தப்போக்குடன் வரும் பெண்ணைப் பார்த்து, தானாகக் கலைந்ததா, கலைக்கப்பட்டதா என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆகவே சட்டத்தின் நிழல் இரண்டு வகையினர் மீதும் விழுகிறது. தன் மீது குற்றமேதும் இல்லாத பெண்ணும் “பொலிஸ் கேஸ் ஆகிவிடுமோ” என்று அஞ்சி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறாள். அந்த இரண்டு நாட்களில்தான் கிருமி பரவுகிறது. சுகாதார அமைச்சு 2015 இல் வெளியிட்ட வழிகாட்டல்கள், கருச்சிதைவோ கருக்கலைப்போ எதுவாயினும் பின்னர் வரும் பெண்ணுக்குச் சிகிச்சையும் மரியாதையும் இரகசியம் பேணலும் உரியவை என்பதை அடிப்படையாகக் கொண்டவை. அந்தச் செய்தி எத்தனை லயங்களுக்குத் தமிழில் சென்றடைந்தது என்பது வேறு கேள்வி.

லொறி வந்த காலம்

1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் போல வேறெந்தப் பகுதியையும் தாக்கவில்லை. மாவும் அரிசியும் குறைந்தன. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டங்களில் ஆயிரம் குழந்தைகளுக்கு நூறுக்கும் மேற்பட்டவை ஒரு வயதை எட்டாமல் இறந்தன. அடுத்து வந்த தேசியமயமாக்கலில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் சுகாதாரத்தைப் பொறுப்பேற்றன. சில முன்னேற்றங்கள் நிகழ்ந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். குடிநீர், கழிப்பறை, பிள்ளைமடுவம், தடுப்பூசி ஆகியவற்றில் 1980களில் கவனம் செலுத்தப்பட்டது. குழந்தை இறப்பு வீதம் கணிசமாகக் குறைந்தது.

ஆனால் அதே காலத்தில்தான் குடும்பக் கட்டுப்பாடு தோட்டங்களுக்குள் வேகமாக நுழைந்தது. 1980 இல் அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் வழங்கும் திட்டத்தை ஆரம்பித்தது. அந்தத் தொகை 500 ரூபாய்வரை உயர்ந்தது. அன்றைய தோட்டச் சம்பளத்தில் அது பல வாரங்களின் உழைப்புக்கு ஈடானது. ‘எல்.ஆர்.டி.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் எழுத்தறியாத பெண்களுக்கும் பழகிய சொல்லாயின. பெண்கள் தோட்ட வாகனங்களில் கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்டதை ஆய்வாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்துள்ளனர். 1987, 1993 ஆம் ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளில், நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் விகிதம் நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்துறையில் உயர்ந்து காணப்பட்டது.

குடும்பக் கட்டுப்பாடு பெண்ணின் உரிமை. இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1953 இல் தொடங்கப்பட்டபோது அதன் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் மேரி இரத்தினம் அதனை அப்படித்தான் பார்த்தார். எட்டும் பத்தும் பெற்று ஓய்ந்த தோட்டத்துப் பெண்கள் பலர் அதனை விரும்பியே ஏற்றார்கள் என்பதும் உண்மை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. மாத்திரை, ஊசி, வளையம் என்று பல வழிகள் இருக்க, மீளமுடியாத ஒரே வழியை மட்டும் பணத்துடன் சேர்த்து, வறுமையில் இருப்பவளிடம் நீட்டுவதைத் தெரிவு என்று சொல்ல முடியுமா? பிள்ளை இறந்த பின்னர், அறுத்த குழாயை மீண்டும் இணைக்க வேண்டும் என்று அவள் கேட்டால், அந்த நுண்சத்திரசிகிச்சையை அவளுக்கு யார் செய்து கொடுத்தார்கள்? சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் சம்மேளனம் 2011 இல் வெளியிட்ட நெறிமுறை, கருக்கலைப்பை நாடும் வேளையிலோ பிரசவ வேதனையிலோ பிரசவம் முடிந்த கையோடோ நிரந்தரக் கருத்தடைக்குச் சம்மதம் கேட்கக்கூடாது என்கிறது. பெண் பலவீனமாக இருக்கும் நேரத்தில் வாங்கும் கையொப்பம் சம்மதமாகாது என்பதே அதன் பொருள். கருவை இழந்து கட்டிலில் கிடப்பவளுக்கும் இது பொருந்தும்.

இந்த இடத்தில் வரலாற்றின் முரண் பளிச்சிடுகிறது. இரத்தப்போக்குடன் கிடந்தவளைக் காப்பாற்ற லொறி கேட்டால், பாதை சரியில்லை, சாரதி இல்லை, துரை இல்லை என்று சொல்லப்படக்கூடிய அதே தோட்டத்தில், கருத்தடைக்காகப் பெண்களை ஏற்றிச் செல்ல லொறி கிடைத்தது. தூரம் கடக்க முடியாத ஒன்றாக ஒருபோதும் இருக்கவில்லை என்பதை அந்த லொறி காட்டிவிட்டது. உழைப்பாளர் தேவைப்பட்ட காலத்தில் அவள் கருப்பை தோட்டத்தின் சொத்தாக எண்ணப்பட்டது. உழைப்பாளர் மிகுந்த காலத்தில் சுமையாக எண்ணப்பட்டது. அது அவளுடையது என்ற எண்ணம் இரண்டு காலத்திலும் இருக்கவில்லை.

மலையக மக்களிடையே, தமது எண்ணிக்கையைக் குறைக்கவே இவை நடந்தன என்ற ஐயம் இன்றும் நிலவுகிறது. 1971 இல் நாட்டின் சனத்தொகையில் 9 சதவீதத்துக்கு மேல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர், 1981 இல் 5.5 சதவீதமாகினர். இதற்குப் பெரிய காரணம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டமையே. ஒரு பகுதியினர் இலங்கைத் தமிழராகப் பதிந்துகொண்டமையும் இன்னொரு காரணம். ஆயினும் நாடு கடத்தலைக் கண்ட ஒரு சமூகம், அதனைத் தொடர்ந்து கருத்தடையும் வந்தபோது இரண்டையும் ஒன்றாகவே பார்த்தது என்றால் அதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

இன்றைய நிலை

1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் பணி தொடங்கிற்று. அது கட்டம் கட்டமாக, இடையில் நின்று நின்று நடந்தது. பொதுச் சுகாதார மருத்துவமாது தோட்ட வாயிலைக் கடந்து உள்ளே வந்தாள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வதிலும் வைத்தியசாலைப் பிரசவத்திலும் மலையகம் நாட்டின் ஏனைய பகுதிகளை நெருங்கிவிட்டது. வீட்டுப் பிரசவம் இன்று அரிதாகிவிட்டது. இது சாதாரண மாற்றமன்று.

2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயாவில், இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டிடத்தைத் திறந்து வைத்தார். அன்று ஊடகங்கள் அரசியலையே பெரிதாக எழுதின. அட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதிப் பெண்களைப் பொறுத்தவரை அந்தக் கட்டிடத்தின் பொருள் வேறு. சிக்கலான நோயாளர்களை நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ, அங்கும் முடியாவிட்டால் கண்டிக்கோ அனுப்புவதே அதுவரை வழமையாக இருந்தது. வளைந்து வளைந்து செல்லும் அந்த வீதியில், பனிமூட்டத்தில், இரவு நேரத்தில், ஒரு மணித்தியாலம் குறைவது ஒரு கருப்பையைக் காப்பதாகும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்துப் பின்னர் நாடு முழுவதும் விரிவடைந்த 1990 இலவச அம்புலன்ஸ் சேவையும் அப்படியே. துரையின் அனுமதியின்றி ஒரு தோட்டத் தொழிலாளி வாகனத்தை அழைக்க முடிந்தது மலையக வரலாற்றில் ஒரு திருப்பம் என்றே சொல்வேன்.

ஆனால் கட்டிடம் மட்டும் சத்திரசிகிச்சை செய்யாது. நிபுணரும், மயக்க மருந்து வைத்தியரும், இரத்தமும் இருபத்துநான்கு மணித்தியாலமும் இருக்கவேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டன; வைத்தியர்கள் பெருமளவில் நாட்டை விட்டு வெளியேறினர். அத்தகைய வேளைகளில் முதலில் பாதிக்கப்படுபவை தலைநகருக்கு வெளியே உள்ள வைத்தியசாலைகளே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவுகள் மலையக வீதிகளைத் துண்டித்தன. பழைய தூரம் ஒரே இரவில் திரும்பி வரமுடியும் என்பதற்கு அது சாட்சி.

மொழியும் ஒரு தூரமே. தமிழ் பேசும் பெண்ணிடம் சிங்களத்தில் விளக்கம் கூறி, சிங்களத்தில் அச்சிட்ட படிவத்தில் கையொப்பம் வாங்கும் நிலை இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. கருப்பையைச் சுத்தம் செய்யப்போகிறார்களா, அகற்றப்போகிறார்களா, குழாயைக் கட்டப்போகிறார்களா என்பது அவளுக்கு விளங்கவேண்டும். “எதையோ எடுத்துவிட்டார்கள்” என்று சொல்லும் நிலையில் எந்தப் பெண்ணும் விடுதியை விட்டு வெளியேறக்கூடாது.

செய்யவேண்டியவை பெரிய ஆராய்ச்சி தேவைப்படும் விடயங்கள் அல்ல. கருச்சிதைவை மருத்துவ விடுமுறைக்குரிய ஒன்றாக ஏற்று, அந்த நாட்களுக்குத் தொழிலாளப் பெண்ணின் சம்பளம் வெட்டப்படாமல் பார்த்துக்கொள்ளத் தொழிற்சங்கங்கள் கூட்டாகக் கேட்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இது ஒருபோதும் முதலிடம் பெற்றதில்லை. கொழுந்தெடுப்பவர்கள் பெண்கள், பேச்சுவார்த்தை நடத்துபவர்கள் ஆண்கள் என்ற உண்மை அதில் பிரதிபலிக்கிறது. கர்ப்பத்தின் முதல் மாதங்களிலேயே இரத்தசோகையைக் கண்டறிந்து குணப்படுத்தலாம். நிற்காத இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம் ஆகிய அறிகுறிகள் கண்டால் பொலிஸுக்குப் பயப்படாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்பதைத் தமிழில், லயம் லயமாகச் சொல்லலாம். உறிஞ்சி எடுக்கும் எளிய கருவியும் அதில் பயிற்சி பெற்ற கைகளும் கண்டிக்கு வராமலே கிடைக்கச் செய்யலாம்.

மலையகத்தின் இருநூறு ஆண்டுகளில் காணி, வீடு, சம்பளம், வாக்கு ஆகிய உரிமைகளுக்காக இந்த மக்கள் போராடினார்கள். சிலவற்றைப் பெற்றார்கள், சிலவற்றுக்காக இன்னும் நிற்கிறார்கள். பிள்ளை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் உரிமையும், இழந்த பின்னர் மீண்டும் பெறக்கூடிய உடலுடன் வீடு திரும்பும் உரிமையும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவேண்டியவை. லயத்திலிருந்து சத்திரசிகிச்சைக்கூடம் வரையுள்ள தூரம் எத்தனை மணித்தியாலம் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் கணக்கெடுத்து எழுதிவைத்தாலே, எஞ்சியுள்ள வேலை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.